கேள்வியும் பேரேடும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மாசாயிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலையில் அன்றாடம் போய்வருகிறவர்களுக்குச் செம்பனை எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகள் புதிய காட்சியல்ல. ஆனால் அந்த எண்ணெய் சென்று தங்கும் பெருந்தொட்டிகளுக்கும், தங்கள் கைப்பேசித் திரையில் க்ஷணத்துக்கு க்ஷணம் மாறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணுக்கும் நேரான உறவு உண்டு என்பதை நின்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே. 1980ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பண்டச் சந்தை தொடங்கி, செம்பனை எண்ணெய்க்கு முன்பேர வாணிபம் ஏற்பட்டது. இன்று பூர்சா மலேசியா என்னும் சந்தை நிறுவனத்தின் குடைக்கீழ் நடைபெறும் அவ்வாணிபத்தில் ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன், ஒப்பந்தம் முதிரும்போது சரக்கை ஒப்படைப்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட துறைமுகங்களுள் பாசிர் கூடாங்கும் ஒன்று. எண்ணெய் தொட்டியில் அசையாது நிற்க, அதன் விலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே போலத் தொழிற்சாலை ஓரிடத்தில் ஊன்றி நிற்க, அதன் பங்குகள் காலை 9 மணியிலிருந்து 12.30 வரையிலும், பிற்பகல் 2.30 மணியிலிருந்து 5 மணி வரையிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

ஓடுகின்ற இவ்வெண்களைப் பிடித்து நிறுத்தி, கூட்டிக் கழித்துப் பார்த்து, வாங்குவதா விற்பதா என்று தானே தீர்மானிக்கும் ஒரு சிறு நிரலை எழுதிவிட வேண்டும் என்ற ஆசை, பகலெல்லாம் தொழிற்பேட்டையிலோ, கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலோ உழைத்துவிட்டு இரவில் தாமான் வீட்டுக்குத் திரும்பிக் கணினியின் முன் அமரும் இளைஞர்களுக்கு வருவது இயற்கை. அவர்களுள் பெரும்பாலோர் சூத்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள்: இருபது நாள் சராசரி இருநூறு நாள் சராசரியைக் கடந்தால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு என்பது போல. விலைகளை எதில் வைப்பது, எவ்வடிவில் வைப்பது என்ற விஷயம் அவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற அற்ப காரியமாகத் தோன்றுகிறது; அல்லது நிரல் மெதுவாக ஓடும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும் வேகப் பிரச்சினையாகப் படுகிறது. தரவுக் கட்டமைப்பைத் தேர்ந்தெடுப்பது வேகத்தைப் பற்றிய காரியம் என்பது பாதி உண்மையே. முதலாவதாகவும் முடிவாகவும் அது, நாம் எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சங்கற்பம் செய்துகொள்கிற காரியமாகும்.

இவ்வட்டாரத்துப் பழைய தோட்டங்களில் கிராணியார் வைத்திருந்த செக்ரோலை நினைவுக்குக் கொண்டுவந்தால் இது தெளிவாகும். இடப்புறம் மேலிருந்து கீழாகத் தொழிலாளர் பெயர்கள். தலைப்பில் குறுக்காக மாதத்தின் தேதிகள். விடியுமுன் நடக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வேறொரு குறி. ஒரு வரியைக் குறுக்கே கூட்டினால் ஒருவருடைய மாதச் சம்பளத்துக்கு ஆதாரம். ஒரு பத்தியை நெடுக்கே கூட்டினால் ஒரு நாளின் ஆள்தொகை. துரைக்கும் கிராணியாருக்கும் வேண்டியிருந்த கேள்விகள் பெரும்பாலும் இவ்விரண்டே ஆதலால், அவ்வேடு அவற்றுக்கு நொடியில் விடை சொல்லிற்று. எந்த நிரையில் ரப்பர்ப் பால் வற்றத் தொடங்கியது, எந்த வீட்டில் தாயும் மகளும் ஒரே வாரத்தில் காய்ச்சலாய்க் கிடந்தார்கள் என்று யாரேனும் கேட்டிருந்தால், அதே ஏடு ஊமையாய் நின்றிருக்கும். அல்லது ஆண்டுக் கணக்கில் தாள்களைப் புரட்டி ஊகிக்கும்படி செய்திருக்கும். இது ஏட்டின் குற்றமன்று. தான் யாருடைய கேள்விக்காகப் பிறந்ததோ அவருக்கு அவ்வடிவம் விசுவாசமாக இருந்தது, அவ்வளவே.

நிரலாளனும் ஏடு போடுகிறவனே. ஆனால் துரையும் கிராணியாரும் அவனே ஆகையால், தன் கேள்விகளைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவனுக்கு இருக்கிறது. மிகச் சிறிய கேள்வியிலிருந்தே தொடங்கலாம்: ஒரு விலை என்பது என்ன? கடைவீதியில் ஒரு சென் நாணயம் வழக்கொழிந்து, 2008 ஏப்ரல் முதல் எல்லாக் கணக்கும் ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டப்படுகிற இந்நாட்டில், பங்குச் சந்தையில் மட்டும் அரை சென் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு ரிங்கிட்டுக்குக் குறைந்த பங்குகளின் விலை அரை சென் படியாகவும், ஒரு ரிங்கிட்டிலிருந்து பத்து ரிங்கிட்டுக்குள் ஒரு சென் படியாகவும், பத்திலிருந்து நூறுக்குள் இரண்டு சென் படியாகவும், அதற்கு மேல் பத்து சென் படியாகவும் ஏறி இறங்கும் என்பது சந்தையின் விதி. இந்த விலைகளைப் புள்ளி வைத்த தசமங்களாக அப்படியே கணினியிடம் கொடுத்தால், இரண்டின் அடுக்குகளைக் கொண்டே பின்னங்களை எழுதும் ஸ்வபாவமுடைய அவ்வியந்திரம், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.3க்குச் சமமல்ல என்று சொல்லும். விலை 0.335 ஆனால் வாங்கு என்று எழுதிவைத்த நிபந்தனை, அவ்விலை ஒரு கூட்டலின் விளைவாக வந்து சேரும்போது பொய்த்துப் போகலாம். அரை சென்னையே ஓர் அலகாகக் கொண்டு, 0.335 ரிங்கிட்டை 67 என்றும், 4.20 ரிங்கிட்டை 840 என்றும் முழு எண்களாக வைத்துக்கொண்டால் இத்தொல்லை அடியோடு அற்றுப்போகிறது.

இதை அற்ப நுணுக்கம் என்று தள்ளுகிறவர்கள் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்ததை அறிய வேண்டும். 1982 ஜனவரியில் 1,000 என்ற எண்ணில் தொடங்கிய அதன் குறியீடு, சந்தை நன்றாகவே நடந்துகொண்டிருந்தும், மாதந்தோறும் மெல்லத் தேய்ந்து 1983 நவம்பரில் 524.811க்கு வந்து நின்றது. காரணம் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பின்னும் குறியீட்டைத் திரும்பக் கணக்கிட்ட நிரல், மூன்று தசம இடங்களுக்கு மேற்பட்டதை அருகிலுள்ள எண்ணுக்குச் சரிக்கட்டாமல் வெறுமனே வெட்டி எறிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்த அத்துளி நஷ்டம் இரண்டே ஆண்டுகளில் பாதியை விழுங்கிவிட்டது. திருத்திய கணக்கு 1098.892. ஓர் எண்ணை எவ்வடிவில் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பவன், அதில் எதை மறந்துவிடுவது என்றும் அக்கணமே தீர்மானித்துவிடுகிறான் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை.

விலைக்கு அடுத்தது பெயர். மலேசியச் சந்தையில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குறியெண் உண்டு: மேபேங்குக்கு 1155, தெனாகா நேஷனலுக்கு 5347, இனாரி அமெர்ட்ரானுக்கு 0166. எண் என்று பெயர் பெற்றிருப்பதாலேயே அதை எண்ணாகச் சேமிக்கிறவர்களிடம் 0166 என்பது 166 ஆகிவிடுகிறது. உரிமைப் பத்திரங்களின் குறியீடுகளில் எழுத்துகளும் கலந்து வரும்போது நிரல் திகைத்து நின்றுவிடுகிறது. கூட்டவும் கழிக்கவும் ஒருநாளும் உதவாத எண், எண்ணன்று, அது பெயர். அதை எழுத்துச் சரமாகவே வைத்து, அச்சரத்தைத் திறவுகோலாகக் கொண்ட அகராதியில், அதாவது பைத்தான் மொழியினர் டிக்ஷனரி என்று வழங்குகிற அமைப்பில், அப்பங்கைப் பற்றிய யாவற்றையும் தொங்கவிடுவதே முறை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியுள்ள சந்தையில், ஒழுங்கில்லாத பட்டியலில் ஒரு பெயரைத் தேட ஆயிரம் தடவை பார்க்க நேரலாம்; அகர வரிசைப்படுத்தி நடுவில் பிளந்து தேடினால் ஏறக்குறைய பத்துத் தடவை போதும்; அகராதியோ பெயரிலிருந்தே அதன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, சாதாரணமாக ஒரே தாவலில் கொண்டுபோய் விடுகிறது. 1953இல் ஐபிஎம்மில் பணிபுரிந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கருக்கொண்ட யுக்தி இது. ஆயினும், அகராதி ஒரே வகைக் கேள்விக்குத்தான் வள்ளல். இன்று அதிகம் ஏறிய பத்துப் பங்குகள் எவை என்று கேட்டால், எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாலன்றி அதற்குப் பதில் தெரியாது.

இனிச் சந்தையின் இதயஸ்தானத்துக்கு வருவோம். வாங்குவோர் கேட்கும் விலைகளும் விற்போர் சொல்லும் விலைகளும் எதிரெதிராக நிற்கும் கேட்புப் பதிவேடு, தானே ஒரு தரவுக் கட்டமைப்பு. அதன் தர்மம் இரண்டே வாக்கியங்களில் அடங்கும்: நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம், ஒரே விலை சொன்னவர்களுள் முந்தி வந்தவருக்கு முதலிடம். 1961இல் மலாயாப் பங்குச் சந்தையில் விலைகளைப் பலகையில் குறிக்கும் முறை வந்தபோது, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்த இரண்டு வாணிப அறைகள் நேரடித் தொலைபேசிக் கம்பிகளால் இணைக்கப்பட்டு, இரு பலகைகளிலும் ஒரே விலை இருக்கும்படி ஏற்பாடாயிற்று. 1989இல் ஸ்கோர் என்னும் கணினி முறை வந்தபின் பலகையின் வேலையை இயந்திரத்தின் நினைவு ஏற்றுக்கொண்டது. நல்ல விலைக்கு முதலிடம் என்ற பாதி நியாயத்தை விலைவாரி ஒழுங்கும், முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற மறுபாதியை ஒவ்வொரு விலையின் கீழும் நிற்கும் வரிசையும் காப்பாற்றுகின்றன. இவற்றுள் எதையேனும் மாற்றினால் மாறுவது வேகம் மட்டுமன்று. யாருக்குப் பங்கு கிடைக்கும் என்பதே மாறிவிடும்.

இப்பதிவேட்டைத் தன் நிரலிலும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள விரும்பும் இளைஞர், பாடநூல்களைப் புரட்டினால் பல வழிகள் தென்படும். 1964இல் வில்லியம்ஸ் என்பவர் வகுத்த ஹீப் என்னும் குவியல், மிகச் சிறந்த விலை எது என்ற ஒரு கேள்விக்கு உடனே விடை தரும். ஆனால் நடுவில் நிற்கும் ஒருவர் தம் கேட்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அவரைத் தேடிப் பிடிக்கத் திணறும். 1962இல் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இரு சோவியத் அறிஞர்கள் கண்ட சமநிலை மரம், எல்லா விலைகளையும் ஒழுங்காக வைத்து, சேர்ப்பதையும் நீக்குவதையும் சில படிகளில் முடித்துவிடும். எனினும் அதை எழுதிப் பிழை நீக்குவது எளிதன்று. இவற்றைவிட எளிய வழி ஒன்றைச் சந்தை விதியே நமக்குத் தந்திருக்கிறது. வழக்கமான விதிப்படி, ஒரு ரிங்கிட்டும் அதற்கு மேலும் உள்ள பங்கு ஒரே நாளில் முந்திய ஆதார விலையிலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ இயலாது. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழுள்ளதற்கு அவ்வெல்லை 30 சென். ஆகவே ஐந்து ரிங்கிட் பங்கு அன்றைக்கு நிற்கக்கூடிய விலைகள் 3.50 முதல் 6.50 வரை 301 மாத்திரமே. அறுபது சென் பங்குக்கு அரை சென் படியில் 121. 301 அறைகள் கொண்ட ஒரு நேர்வரிசை, அறைக்கு ஒரு விலை, அதில் அவ்விலைக்குரிய வரிசை. மரமும் வேண்டாம், குவியலும் வேண்டாம். ஒன்று, பத்து, நூறு ரிங்கிட் என்ற எல்லைகளை ஒட்டி நிற்கும் பங்குக்குப் படியின் அளவு நடுவில் மாறுவதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். விஷயத்தின் இயல்பை அறிந்தவனுக்கு எளிமை கைகூடுகிறது; அறியாதவன் எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்தும் பொதுக் கருவியைத் தேடி, அதன் பாரத்தைச் சுமக்கிறான்.

ஞாபகத்தைப் போலவே மறதியும் ஒரு கட்டமைப்பாகும். இருநூறு நாள் சராசரி வேண்டுமானால், இருநூறு அறைகள் உடைய ஒரு வட்ட வரிசை போதும்: புதிய விலை வரும்போது மிகப் பழையதன் இடத்தில் அது அமர்கிறது, கூட்டுத்தொகையில் புதியதைக் கூட்டிப் பழையதைக் கழித்துவிட்டால், இருநூறையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. முழு எண்களாக வைத்திருப்பவருக்கு இக்கூட்டலும் கழித்தலும் எத்தனை ஆண்டு ஓடினாலும் இம்மியும் பிசகாது. இதற்கு நேர்மாறாக, நீண்ட சரித்திரத்தை ஆராய்வதற்கென்று அமைந்த பாண்டாஸ் என்னும் பைத்தான் கருவியின் அட்டவணையில் சந்தையின் ஒவ்வொரு அசைவையும் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. 2008இல் ஏகியூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய அக்கருவி, முடிந்துபோன காலத்தைப் பத்தி பத்தியாக ஆராய்வதில் நிகரற்றது. நடந்துகொண்டிருக்கும் காலத்தை வரி வரியாக விழுங்குவதற்கென்று அது பிறக்கவில்லை. ஒரு வரி சேர்க்கும்போதெல்லாம் முழு அட்டவணையும் புதிதாக நகலெடுக்கப்படுவதால், காலையில் துள்ளி ஓடிய நிரல் பிற்பகலில் தள்ளாடுகிறது. வருவனவற்றைச் சாதாரணப் பட்டியலில் சேர்த்துவைத்துச் சந்தை மூடியபின் ஒரே தடவையில் அட்டவணையாக்குவது விவேகம்.

எதை மறக்கலாம் என்று முடிவு செய்கிறவன், எதை ஒருநாளும் அழிக்கலாகாது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். 2020 செப்டம்பரில் டாப் குளோவ் நிறுவனம் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்குகள் வழங்கியபோது, ஒன்றாயிருந்தது மூன்றாயிற்று. ஆகவே விலையும் மூன்றிலொன்றாக இறங்கிற்று. பங்குக்காரர் எவருக்கும் அதனால் நஷ்டமில்லை. ஆனால் விலையை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு, தொற்றுநோய்க் காலத்தில் கையுறை விற்றுக் கொழித்த நிறுவனம் ஒரே இரவில் இடிந்து விழுந்ததாகவே தோன்றும். இதற்குப் பரிகாரமாகப் பழைய விலைகளையெல்லாம் மூன்றால் வகுத்து அவற்றின் மேலேயே எழுதிவிடுகிறவர்கள், அன்றைய நாளில் சந்தையில் மெய்யாகவே நின்ற விலை எது என்ற கேள்விக்குப் பிறகு விடை சொல்ல இயலாதவர்களாகிறார்கள். நடந்த விலைகள் நடந்தபடியே, சேர்ப்பதன்றித் திருத்துவதில்லை என்ற நியமத்தோடு ஓர் ஏட்டில் இருக்கட்டும். இலவசப் பங்கு, பங்குப் பிரிப்பு முதலியவை தேதியோடும் விகிதத்தோடும் வேறோர் ஏட்டில் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கேட்கும் நேரத்துக் காரியமாக இருக்கட்டும். நாளை நமக்கு என்ன கேள்வி தோன்றும் என்பதை இன்று அறியோம் ஆதலால், மூல ஏட்டை அழியாமல் வைப்பது அந்தத் தெரியாத கேள்விக்கு நாம் செய்யும் மரியாதை.

எல்லாக் கேள்விகளிலும் பயங்கரமானது, இதை முன்பே செய்துவிட்டோமா என்பதுதான். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனம் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் சுமார் 45 நிமிடங்களில் 440 மில்லியன் டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை நிறுவியபோது எட்டுக் கணினிகளில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. புதிய நிரலுக்கென்று வைத்த அடையாளக்குறியோ, நெடுநாளாய் உறங்கிக்கிடந்த பழைய நிரல் ஒன்றுக்கு முன்பு பயன்பட்ட குறியே. அக்குறியைக் கண்டு விழித்த பழைய நிரல், வாடிக்கையாளர்களின் 212 கேட்புகளை நிறைவேற்றப் புறப்பட்டது. எத்தனை பங்குகள் வாங்கியாயிற்று என்று எண்ணிப் போதும் என்று நிறுத்தும் பகுதி 2005லேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், அதற்குப் போதும் என்பதே தெரியவில்லை. 4 மில்லியனுக்கும் மேற்பட்ட வியாபாரங்கள் நடந்து முடிந்தன. நம் சிறு நிரலுக்கும் இதே ஆபத்து சிறு அளவில் உண்டு. இணையத் தொடர்பு அறுந்து மீண்டும் கூடும்போது, அனுப்பிய கேட்பு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஐயுற்று அது மறுபடி அனுப்பும். ஒவ்வொரு கேட்புக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அனுப்புவதற்கு முன்பே அதை வட்டில் எழுதி, ஒரே பொருள் இரண்டு தடவை புக இடமளிக்காத கணம் ஒன்றில், அதாவது பைத்தானின் செட்டில், வைத்துவிட்டால், கேள்விக்கு விடை எப்போதும் ஓரிடத்தில் இருக்கும். அந்த ஓரிடம் என்பது முக்கியம். கையிருப்பில் எத்தனை பங்கு என்ற ஒரே உண்மையை இரண்டு இடங்களில் எழுதிவைக்கிறவன், பலகை இரண்டாக இருந்த அக்காலத்தைப் போல, அவ்விரண்டுக்கும் இடையே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தொலைபேசிக் கம்பியையும் கட்டிக் காக்க வேண்டியவனாகிறான்.

இவ்வளவும் சொன்னபின், நம்மவருடைய நிரல் எந்தப் போட்டியில் இறங்கியிருக்கிறது என்பதை நினைவூட்டுவது அவசியம். மைக்ரோ விநாடிகளுக்குப் போராடும் பெருநிறுவனங்கள் சந்தையின் கணினிகளுக்கு அருகிலேயே தங்கள் கணினிகளை வைக்கின்றன. மாசாயில் ஒரு மாடி வீட்டின் அறையிலிருந்து அவர்களோடு ஓடி வெல்வது நடவாத காரியம். அன்றாடம் இருபது பங்குகளைக் கண்காணித்து, வாரத்துக்கு ஓரிரு தடவை வாங்கி விற்கிறவருக்கு, ஒரு தேடல் ஆயிரம் படியா பத்துப் படியா என்பதால் ஒரு சென் லாபமும் கூடப் போவதில்லை. ஆனால் எண்ணைப் பெயர் என்று அறியாததாலும், அரை சென்னைத் தசமத்தில் தொலைத்ததாலும், செய்ததையே திரும்பச் செய்ததாலும் வருகிற நஷ்டம், பெரியவனுக்கும் சிறியவனுக்கும் விகிதத்தில் ஒன்றே. வேகத்தில் தோற்பவன் சரியாயிருப்பதில் தோற்க வேண்டியதில்லை. அது பணம் கொடுத்து வாங்கும் சௌகரியமன்று, உட்கார்ந்து யோசிப்பதால் கிடைப்பது.

ஆதலால் நிரல் எழுதப் புகும் இளைஞர், முதலில் கணினியை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் தம் கேள்விகளை எழுதிக்கொள்வாராக: எதன் விலையை அறிய வேண்டும், எத்தனை நாள் பின்னால் பார்க்க வேண்டும், எதை மறக்கலாம், எதை மறக்கவே கூடாது, செய்ததைச் செய்தோம் என்று எதைக்கொண்டு அறிவது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கட்டமைப்பு தானாக வந்து நிற்கும். கேள்வி எதிரே இல்லாமல் ஏதேனும் ஒரு கட்டமைப்பு நிரலில் தங்கியிருந்தால், அது எத்தனை சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும் நீக்கிவிடத் தக்கது. தாளில் எழுதக் கேள்வியே எழவில்லையென்றால், குறை நிரலில் இல்லை. அப்படிப்பட்டவர் இன்னும் சில காலம் தம் பணத்தை வங்கியிலேயே வைத்திருப்பது நல்லது.